மலையேறுமுன் கடலைப் பார்த்தல்

ஒக்ரோபர் மாத விடுமுறையொன்றில், மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயக் குடியிருப்பில், ஐந்து மாணவர்கள் இஸ்தோப்பிலே அமர்ந்து ஒரு கையடக்கத் தொலைபேசியை ஒருவர் மாறி ஒருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தனர். மறுநாள் அதிகாலை சிவனொளிபாதமலையில் ஏறுவதென்று முடிவாகியிருந்தது. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு நிறைவுறும் யாத்திரைக் காலம் அதுவன்று. ஒக்ரோபரிலே படிகளில் மின்விளக்குகள் எரியா. வழிநெடுகிலுமுள்ள தேநீர்க் கடைகள் மூடிக் கிடக்கும். ஆயினும் அவர்களுக்கு வேறு நாள் இல்லை. ஐவருள் ஒருவன் படிப்பை இடைநிறுத்திவிட்டு, நவம்பரிலே குடும்பத்தாருடன் கனடாவுக்குக் குடிபெயரவிருந்தான். நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் இம்மலையை ஏறிவிடவேண்டும் என்று முதலாண்டிலேயே பேசிக்கொண்டவர்கள், மூன்றாம் ஆண்டு முடிவில் அவனுக்காக வந்து சேர்ந்திருந்தனர்.

தொலைபேசித் திரையிலே மலையின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதன்கீழ், அதிகாலை ஐந்து மணிக்கு வெப்பநிலை 17 பாகை, மழைக்கான வாய்ப்பு 30 வீதம் என்ற இரண்டு எண்களும், ஒரு முகிலின் பின்னே பாதி மறைந்த சந்திரனின் படமும் காணப்பட்டன. பயணம் போகவிருந்தவன் அதைக் கண்டு மகிழ்ந்தான். நூற்றுக்கு எழுபது பங்கு தன் பக்கமே நிற்பதாக அவன் கொண்டான். எதிர்வுகூறலை நாடுவோர் பலரும் அங்ஙனமே கொள்கின்றனர். போவதற்கு முன்னரே மனம் தீர்மானித்துவிடுகிறது; பிறகு அத்தீர்மானத்துக்கு ஓர் ஒப்பம் தேடுவதற்காகவே வானிலை அறிக்கை திறக்கப்படுகிறது. ஓர் அறிக்கை மறுத்தால் இன்னொன்று திறக்கப்படும். அன்று மாலை அந்த இஸ்தோப்பிலே மூன்று வெவ்வேறு எதிர்வுகூறல்கள் பார்க்கப்பட்டன. மிகவும் இனிமையாகப் பேசிய அறிக்கையே இறுதியில் நம்பப்பட்டது.

புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற மாணவன் மட்டும் அந்த 17 பாகையில் ஐயங்கொண்டான். அவனது ஐயத்துக்குக் காரணமுண்டு. உலகளாவிய வானிலைக் கணிப்புகள் பூமியின் பரப்பைச் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அவற்றுள் நுண்ணியவை எனப்படுவனவும் ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் பக்கங் கொள்கின்றன. ஒன்பது கிலோமீற்றர்ச் சதுரத்துக்குள் மலைமுடியும் பள்ளத்தாக்கும் தேயிலைச் சரிவும் ஒன்றாகக் கலந்து ஒரு சராசரி உயரமாகிவிடும். சிவனொளிபாதமலையோ சுற்றியுள்ள நிலத்திலிருந்து தனித்து எழுந்த கூம்பு. 2243 மீற்றர் உயரமான அந்த முடி, கணிப்பின் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படுவதேயில்லை. திரையில் மலையின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் அதன்கீழ் இருந்த எண் அடிவாரத்துக்கே உரியது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறரைப் பாகையளவு குறையும் என்ற பாடப்புத்தகக் கணக்கைப் போட்டு, முடியிலே 11 பாகைதான் இருக்கும் என்று அவன் சொன்னான். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்திச் சட்டையோடு வந்திருந்தவன் தன் பையைத் திறந்து பார்த்துவிட்டு மௌனமானான்.

அவன் போட்ட இன்னொரு கணக்கு அதனினும் பயனுள்ளது. மலையேறுவோர் யாவரும் மனத்தில் வைத்திருக்கத்தக்கது. காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்து, ஒரு பாகைக்கு 125 மீற்றர் வீதம் பெருக்கினால், முகில் எவ்வளவு உயரத்தில் உருவாகும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். அன்று மாலை 20 பாகையும், பனிபடுநிலை 16 பாகையுமாக இருந்தன. நான்கு பாகை வேறுபாடு, 500 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து முடிவரை ஏறவேண்டியது ஆயிரம் மீற்றரளவு. ஆகவே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், பாதி மலை முகிலுக்குள்ளேயே இருக்கும். முகிலுக்குள் நடப்பவன் மழையின்றியே நனைவான். 1344 ஆம் ஆண்டில் இம்மலையை ஏறிய இப்னு பதூதா, முகில்கள் தமக்குக் கீழே கிடந்து அடிவாரத்தை மறைத்ததைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் முகிலைக் கடந்து மேலே போய்விட்டவர். முகில் முடியிலேயே வந்து குடியிருக்கும் நாட்களும் உண்டு.

பின்னர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டது. அதிலும் ஒரு சிக்கல். திணைக்களம் மாகாணம் மாகாணமாகவே பேசும். மலையோ மத்திய மாகாணத்துக்கும் சப்ரகமுவ மாகாணத்துக்கும் எல்லையிலே நிற்கிறது. இரண்டையும் வாசித்தார்கள். இரண்டிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை, காலையில் மூடுபனி என்றே இருந்தது. தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து வடகீழ் பருவக்காற்று தொடங்குமுன் வரும் இந்த இடைக்காலத்தில் அது வழமையான செய்தி. காலை வெயிலில் நிலம் சூடேறும். நண்பகலுக்குப் பின் முகில் திரண்டு இடிக்கும். நள்ளிரவுக்குமுன் வானம் தெளியும். அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டுச் சூரிய உதயத்தைக் கண்டுவிட்டு ஒன்பது மணிக்குள் இறங்கிவிட்டால் இடி வந்து என்ன, வராவிட்டால் என்ன என்று நால்வர் ஒருமிக்கக் கூறினர்.

ஐந்தாமவன் மட்டக்களப்பு மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்தவன். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. அவன் அறிக்கையை மூடவிடவில்லை. மாகாணங்கள் முடிந்தபின் கீழே வரும் கடற்பரப்புக்கான பகுதியை வாசிக்கத் தொடங்கினான். அவன் வீட்டிலே தகப்பனார் வாசிப்பது அப்பகுதி ஒன்றைத்தான். வங்காள விரிகுடாவின் தென்பகுதியிலே தாழமுக்கம் ஒன்று உருவாகக்கூடும் என்றும், மீனவர்கள் அடுத்த அறிக்கைகளைக் கவனிக்கவேண்டும் என்றும் அங்கே எழுதியிருந்தது. அவன் அதை உரத்து வாசித்தபோது மற்றவர்கள் சிரித்தனர். மலைக்குப் போகிறவனுக்குக் கடல் எதற்கு என்று ஒருவன் கேட்டான்.

அச்சிரிப்பு விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆனால் கிழக்கிலங்கையிலே பிறந்த ஒருவன் அவ்வாறு சிரிப்பது கடினம். 1978 நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி அவனது பேத்தியாரின் பேச்சில் இன்னும் ஓயவில்லை. தென்னைகள் ஒரே திசையில் விழுந்து கிடந்த காட்சியை அவர் கையசைத்துக் காட்டும்போது அவன் சிறுவனாக அமர்ந்து பார்த்தவன். வங்காள விரிகுடாவிலே பிறப்பது எங்கே போய் முடியும் என்பதை முன்கூட்டி வரையறுக்க இயலாது என்பது அவ்வீட்டாருக்குத் தெரிந்திருந்தது.

கடலிலே பிறந்தது மலையிலே கொன்ற வரலாறும் உண்டு. 2014 ஒக்ரோபர் 12 ஆந் திகதி ஹுத்ஹுத் என்ற சூறாவளி விசாகப்பட்டினத்தில் கரையேறியது. கொண்டலாத்தி எனப்படும் சிறு பறவையின் அரபுப் பெயர் அது. கரையேறிய சூறாவளி வலுவிழந்துவிடும். செய்தித்தாள்களும் அத்துடன் அதனை விட்டுவிடும். ஹுத்ஹுத் வலுவிழந்தது உண்மை. ஆனால் அது சுமந்து வந்த ஈரம் அழியவில்லை. அந்த ஈரம் வடக்கே நகர்ந்து, மேற்கிலிருந்து வந்த குளிர்ந்த வளியோட்டத்தைச் சந்தித்து, இமயத்தின் சுவரிலே மோதி மேலெழுந்தது. விசாகப்பட்டினத்துக்கு வடக்கே 1200 கிலோமீற்றருக்கு அப்பால், நேபாளத்தின் அன்னபூர்ணாப் பகுதியில், ஒக்ரோபர் 14 ஆந் திகதி அது பனியாகக் கொட்டியது.

ஒக்ரோபர் மாதம் நேபாள மலைவழிகளிலே ஆண்டின் மிகச்சிறந்த காலமெனக் கருதப்படுவது. பருவமழை ஓய்ந்து வானம் கழுவி விட்டாற்போலிருக்கும். அன்னபூர்ணாவைச் சுற்றிச் செல்லும் பாதையின் மிகவுயர்ந்த இடம் தொறொங் லா என்னும் கணவாய், 5416 மீற்றர். மனாங் பக்கமிருந்து விடியுமுன் ஏறி, காற்று வலுக்குமுன் கணவாயைக் கடந்து, முக்திநாத்தை நோக்கி இறங்குவதே வழக்கம். (வைணவர்கள் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகப் போற்றும் சாளக்கிராமம் இம்முக்திநாத்தே என்பர்.) அன்றும் பிறநாட்டு நடைப்பயணிகள், வழிகாட்டிகள், சுமைதூக்குவோர், உள்ளூர்வாசிகள் எனப் பலர் ஏறினர். பனி தொடங்கிச் சில மணி நேரத்தில் வழி மறைந்தது. கணவாயின் உச்சியிலிருந்த சிறிய தேநீர்க் குடிலில் பலர் நெருக்கியடித்து ஒதுங்கினர். அங்கேயே தங்குவதா, இறங்குவதா என்ற கேள்விக்கு எவரிடமும் விடையில்லை. இறங்கத் துணிந்தோரிற் சிலர் இடுப்பளவு பனியில் வழிதவறி இறந்தனர். அப்பகுதி முழுவதிலும் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கானோர் பின்னர் உலங்குவானூர்திகள் மூலம் மீட்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியிலே மனத்தை வருத்துவது பனியன்று. பனி வரப்போகிறது என்பது தெரிந்திருந்தது. சூறாவளியின் எச்சம் நேபாளத்துக்கு மழையும் பனியும் கொண்டுவரும் என்று வானிலையாளர் முன்கூட்டியே கூறியிருந்தனர். செய்மதிப் படங்களிலே முகிற்கூட்டம் வடக்கே நகர்வது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அச்செய்தி கணவாயின் அடியிலிருந்த விடுதிகளுக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த ஓரிரு இடங்களிலும் அது எவ்வளவு பெரிய செய்தி என்பது உணரப்படவில்லை. தப்பியவர்களிற் பலர் தமக்கு எவ்வித எச்சரிக்கையும் கிடைக்கவில்லை என்றே பின்னர் கூறினர். 1953 ஆம் ஆண்டிலே எவரெஸ்ற் ஏறச் சென்ற குழுவினருக்காக அகில இந்திய வானொலியும் பிபிசியும் சிறப்பு வானிலை அறிக்கைகளை ஒலிபரப்பின. முகாமிலே ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து அவர்கள் அதைக் கேட்டனர். அந்த அறிக்கையைத் தயாரித்தவர்களிடம் செய்மதியும் இல்லை, கணினியும் இல்லை. அவர்களின் அறிவு சிறிது. ஆனால் அது கேட்கவேண்டியவரின் காதுக்குப் போயிற்று. அறுபத்தொரு ஆண்டுகளின் பின் அறிவு பெருகியிருந்தது. சுமைதூக்குவோனின் காதுக்கு அது போகவில்லை. காலுறையும் சப்பாத்தும் நன்றாக இல்லாத சுமைதூக்குவோர் அன்று இறந்தவர்களில் இருந்தனர் என்பதை எதிர்வுகூறல் பற்றிப் பேசும்போது மறந்துவிடலாகாது.

மட்டக்களப்பு மாணவன் இவ்வரலாற்றை அன்றிரவு முழுமையாகச் சொன்னான் என்றில்லை. ஹுத்ஹுத்தின் பெயரும் நேபாளத்தின் பெயரும் சொன்னான். அதற்குள் இரவு உணவு வந்துவிட்டது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் உண்டு முடிந்தபின், அதுவரை வாசற்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பேசினார். அவர் தோட்டத்து நண்பனின் தகப்பனார். தோட்டத்திலே கவ்வாத்து வேலை செய்து ஓய்வுபெற்றவர். இளமையில் யாத்திரைக் காலங்களிலே மலைக்கடைகளுக்குச் சாமான் சுமந்து ஏறியவர். மலையைப் பார்த்து நாளை மழை வருமா என்று சொல்லும்படி அவரை மாணவர்கள் கேட்டனர். நாட்டறிவு என்றதும் படித்த இளைஞர்களுக்கு ஏற்படும் ஆவல் அது. அவர் சோதிடம் சொல்பவர்போல் நடந்துகொள்ளவில்லை.

“அது எனக்குத் தெரியாது தம்பி. பொழுதுபட்டும் மேல்காத்து நிக்கல்ல, அவ்வளவுதான் சொல்லலாம். ஏறுறதுக்கு ரெண்டு மணின்னு நேரம் வச்சிட்டீங்க. திரும்புறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?”

ஒருவரும் எதுவும் வைத்திருக்கவில்லை. முடியைத் தொட்டபின் திரும்புவது என்பதே அவர்களின் கணக்கு.

எவரெஸ்ற் வரலாற்றிலே அப்பெரியவரின் கேள்வி பல உயிர்களின் விலைக்கு உரியது. 1924 ஜூன் 8 ஆந் திகதி மலரியும் ஏர்வினும் மேலேறி மறைந்தனர். அவர்களின் அடிமுகாமிலே பாரமானி ஒன்று இருந்தது. அதன் அளவீடுகள் ஒழுங்காக எழுதப்பட்டன. 2010 ஆம் ஆண்டில் கனடிய ஆய்வாளர்கள் அவ்வளவீடுகளை எடுத்து ஆராய்ந்தபோது, அந்நாட்களில் அமுக்கம் ஏறத்தாழ 18 மில்லிபார் வீழ்ந்திருந்தமை தெரியவந்தது. பெரும் புயலுக்கான அறிகுறி அது. எண் அங்கே இருந்தது. மேலே சென்றவர்களுக்கு அது எட்டியிருக்க வழியில்லை. 1996 மே மாதம் 10 ஆந் திகதி நடந்தது வேறு. அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. பிற்பகல் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி, அதற்குமேல் முடி எட்டாவிட்டாலும் திரும்பிவிடுவது என்ற பேச்சு முன்னரே இருந்தது. இரண்டு மணி கடந்தது. முடி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் சிறிது தூரந்தான். சிலர் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் முடியை அடைந்தனர். புயல் அவர்களை இறங்குவழியில் பிடித்தது. அன்றும் மறுநாளுமாக மலையின் இரு பக்கங்களிலும் எண்மர் இறந்தனர். 8800 மீற்றருக்கு மேற்பட்ட எவரெஸ்றை 2243 மீற்றர் மலையோடு ஒப்பிடுவது மிகையென்று தோன்றலாம். உயரம் வேறு, குளிர் வேறு. ‘இன்னும் சிறிது தூரந்தான்’ என்ற சொல் இரண்டிடத்தும் ஒன்றே.

மாணவர்கள் அன்றிரவு குறிப்பேட்டின் பின்னட்டையில் இரண்டு வரி எழுதினர். இடியோசை காதில் விழுந்தால், எங்கு நின்றாலும் திரும்புவது. காலை ஆறரைக்குள் முடியை எட்டாவிட்டாலும் திரும்புவது. ஐவரும் அதன்கீழ்க் கையொப்பமிட்டது விளையாட்டாகவே.

இரண்டு மணிக்குப் புறப்பட்டபோது வானத்தில் நட்சத்திரங்கள் இருந்தன. யப்பானியர் அமைத்த சமாதானத் தூபியைக் கடந்து நெடுந்தூரம்வரை ஒரு குறையுமில்லை. அதன்பின் புவியியல் மாணவனின் கணக்குச் சற்றேறக்குறையச் சரியான உயரத்திலே பலித்தது. கைவிளக்கின் ஒளி இரண்டு பாகத்துக்கு அப்பால் வெண்சுவராகி நின்றது. நாலரை மணியளவில் மேற்குச் சரிவிலிருந்து காற்று கிளம்பியது. கடைசிச் செங்குத்துப் படிகள் தொடங்கும் இடத்தில், இருபுறமும் இரும்புக் கைப்பிடிகளைப் பற்றியே ஏறவேண்டும். மார்க்கோ போலோவின் காலத்திலும் இங்கு இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதாக அவர் எழுதியிருக்கிறார். ஐவரும் அந்த இரும்பைப் பிடித்தபடி நின்றவேளையிலே முகில் முழுவதும் ஒருகணம் வெளுத்தது. ஒருவன் எண்ணத் தொடங்கினான். ஒன்பது வரை எண்ணியபோது முழக்கம் கேட்டது. மூன்று செக்கன்களுக்கு ஒரு கிலோமீற்றர். அடுத்த வெளிச்சத்துக்கு ஆறு.

கனடா செல்லவிருந்தவன் இரும்பிலிருந்து கையை எடுக்கவில்லை. சில நூறு படிகளே மிச்சம் என்றான். இடி விலகிப் போகிறது என்றான். தொலைபேசியை எடுத்துப் பார்த்தான். அதிலே இன்னும் 30 வீதமே காட்டியது. கையொப்பத்தை நினைவூட்டியவனிடம், உங்களுக்கு இன்னொரு ஆண்டு இருக்கிறது என்று அவன் சொன்னான். அதற்கு மறுமொழி ஒருவரிடமும் இல்லை. அது உண்மையாகவே இருந்தது. மட்டக்களப்பு மாணவன் அவனது பையைக் கழற்றித் தன் தோளிலே போட்டுக்கொண்டு, பேசாமல் கீழே இறங்கத் தொடங்கினான். பை போனபின் அவனும் இறங்கினான். இறங்கும் வழியெல்லாம் மழை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளிலே அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மின்னல் அன்று முடியிலே விழுந்ததா என்பது எவருக்கும் தெரியாது. விழாமலும் இருந்திருக்கலாம். ஏழு மணிக்கு அவர்கள் நல்லதண்ணியை அடைந்து திரும்பிப் பார்த்தபோது முகில் சற்றே விலகி, முடி பத்து நிமிடம்போல் முழுமையாகத் தெரிந்தது. காலை வெயிலில் கோயிலின் கூரைகூடத் தெரிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் பார்க்கக் கூசினர். பின்னர் முகில் மூடிக்கொண்டது. அன்று மாலைவரை திறக்கவில்லை. வீட்டுக்காரர் தேநீர் கொடுத்தார். எங்குவரை போனீர்கள் என்று கேட்கவில்லை.

அவன் நவம்பரிலே புறப்பட்டுப் போனான். நால்வரும் அடுத்த மாசி மாதத்தில், விளக்குகள் எரியும் படிகளிலே, குழந்தைகளோடும் முதியவர்களோடும் கலந்து ஏறினர். அன்று எதிர்வுகூறல் பார்க்கப்பட்டது; மட்டக்களப்பு மாணவன் வழமைபோலக் கடற்பகுதியை வாசித்தான்; அங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை. உதயத்தின்போது மலையின் முக்கோண நிழல் மேற்கே முகில்களின்மேல் நீண்டு கிடந்தது. ஒருவன் அதைப் படமெடுத்தான். அதனைக் கனடாவுக்கு அனுப்புவதா, விடுவதா என்பது பற்றி அவர்கள் முடியிலே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். நிழல் குறுகி அடிவாரத்துக்குள் போய்விட்டது. படம் அந்தத் தொலைபேசியிலேயே இன்னும் இருக்கிறது.